உப்பளச் சாலையில் ஓர் ஒத்திகை

என் தம்பி ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். பல வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம், வரும் கோடை விடுமுறைக்கு வருகிறோம் என்று ஒருவழியாக நானும் என் கணவரும் ஒப்புக்கொண்டோம். அங்கே கார் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஆஸ்திரியா, இத்தாலி என்று மலைச்சாலைகளில் நாங்கள் இருவர் மட்டும் சுற்றி வருவதாகத் திட்டம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். ஆல்ப்ஸ் மலைப்பூக்களைப் படத்தில் மட்டுமே பார்த்துப் பாடம் எடுத்தவளுக்கு, ஒருமுறையாவது அவற்றின் பக்கத்தில் குனிந்து உட்கார வேண்டும் என்று ஆசை. காரை ஓட்டப்போவது அவர்.

அவர் மின்துறையில் பொறியாளர். லைனை ஆஃப் பண்ணியாச்சு என்று யார் சொன்னாலும் தானே சோதித்துப் பார்க்காமல் கம்பத்தில் ஆளை ஏறவிட மாட்டார். படிக்கிற காலத்தில், ஃபியூஸைப் பிடுங்கியாகிவிட்டது என்ற நம்பிக்கையில் பக்கத்து வீட்டுக்காரர் ஒயரைத் தொட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தவர். அன்றிலிருந்து எந்த விஷயத்திலும் அவருக்கு அடுத்தவர் வார்த்தை போதாது.

முதலில் இன்ஷூரன்ஸ். தெற்கு வீதியில் ஒரு மாடி அறையில், கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். "மெடிக்கல் வந்துடும் சார். லக்கேஜ் தொலைஞ்சா வந்துடும். ஃப்ளைட் லேட்டானாகூட வந்துடும்" என்று கடகடவென்று சொல்லிக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் குரலைத் தாழ்த்தினாள். "அப்புறம், அங்கேயே ஏதாவது ஆயிடுச்சுன்னா, பாடிய ஊருக்குக் கொண்டுவர்றதும் இதுலயே வருது சார்."

"ரெண்டு பேருக்கும்னா?" என்றார் அவர்.

"தனித்தனியா உண்டு சார்."

"ஒரே ஃப்ளைட்ல அனுப்புவாங்களா?"

அவள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். அவர் கேலி செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். நாமினியாக ஒருவர் பெயருக்கு மற்றவர் பெயரைப் போடலாம் என்றாள். "ரெண்டு பேருமே இல்லாமப் போயிட்டா?" என்று அதற்கும் ஒரு கேள்வி. கடைசியில் என் மாமனார் பெயரைச் சொன்னோம். கீழே தெருவில் கரும்புச்சாறு மிஷினின் சலங்கைச் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் எனக்குக் கை சில்லிட்டிருந்தது. ஏசி அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து சாமான்கள். வண்டி நடுவழியில் நின்றால் பின்னால் வைக்கிற சிவப்பு முக்கோணம், வெளிச்சம் பட்டால் பளீரென்று மின்னுகிற மஞ்சள் மேல்சட்டை இரண்டு, முதலுதவிப் பெட்டி, கண்ணாடியை உடைக்கும் சுத்தியல் என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குப் பார்சல் வந்தது. தம்பி போனில் சிரித்தான்.

"அத்தான், அதெல்லாம் வாடகைக் கார்லயே வெச்சிருப்பாங்க. இங்க அது சட்டம்."

"இருக்கும்னு நீ சொல்றே. டிக்கியத் தொறந்து பாத்தது யாரு?"

மஞ்சள் சட்டைகளைப் படுக்கையறைக் கதவில் மாட்டி வைத்திருந்தோம். சாயங்காலம் விளக்குப் போடுவதற்கு முன், தெருவில் ஸ்கூட்டர் திரும்பும்போதெல்லாம் அதன் வெளிச்சம் ஜன்னல் வழியாக விழும். அப்போது சட்டையின் வெள்ளிப் பட்டைகள் மட்டும் எரிந்து அணையும். கதவோரம் இரண்டு பேர் தலையில்லாமல் நிற்பதைப்போல இருக்கும். ஒருநாள் அவற்றை மடித்து பீரோவில் வைத்துவிட்டேன். அவர் தேடி எடுத்துத் திரும்பவும் மாட்டினார்.

பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போனோம். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமம். மாமியார் காலமாகி வெகுநாள் ஆகிறது. மாமாவும், பக்கத்துத் தெருவில் வாக்கப்பட்ட அவர் மகள், அதாவது என் நாத்தனாரும்தான் அங்கே. பொங்கல் கூட்டமெல்லாம் ஓய்ந்து, வயலில் சம்பா அறுவடை தொடங்கியிருந்தது. வாங்கிய சாமான்களை ஒருமுறை ரோட்டில் வைத்துப் பழகிப் பார்த்துவிட வேண்டும் என்றார் அவர். கோடியக்கரைக்குப் போகிற வழியில் உப்பளங்களுக்கு நடுவே ஆள் நடமாட்டம் இல்லாத கிளைச்சாலை ஒன்று இருக்கிறது. விடிந்ததும் அங்கே போவது என்று முடிவாயிற்று.

"போன் ரெண்டையும் ஏரோப்ளேன் மோடுல போட்டுடு. அங்க மலையில சிக்னல் இருக்காது. இறக்கி வெச்ச மேப்ப வெச்சே போய்ப் பழகணும்" என்றார். இரண்டு போன்களையும் அப்படியே செய்து டேஷ்போர்டுப் பெட்டிக்குள் போட்டேன். அவருடைய போனில் வழி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைய அத்தனை கூத்துக்கும் காரணம் இதுதான்.

தை மாதத்துப் பனி. வேதாரண்யம் தாண்டியதும் இரண்டு பக்கமும் எதுவுமே இல்லை. பாத்திகளில் தேங்கிய தண்ணீரும் வானமும் ஒரே வெள்ளையாக இருந்தன. கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்கள் திடீரென்று பக்கத்தில் வந்து, வந்த வேகத்தில் மறைந்தன. கிளைச்சாலையில் திரும்பி, அந்த நாடுகளில் ஓட்டுவதைப்போல, கொஞ்ச தூரம் வலது ஓரமாக ஓட்டிப் பழகினார். பிறகு வண்டியை நிறுத்தினார்.

"இப்ப நமக்கு ஆக்சிடென்ட் ஆயிடுச்சு" என்றார். "நான் அடிபட்டுக் கெடக்கேன். நீதான் எல்லாம் செய்யணும்."

"நான் அடிபடுறேனே, நீங்க செய்யுங்க."

"எனக்குத் தெரியும். தெரிய வேண்டியது உனக்குத்தான்."

டிரைவர் பக்கக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு, ஈரமான தார்ச்சாலையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அன்று அவர் சிவப்புச் சட்டை போட்டிருந்தார். நான் மஞ்சள் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு முக்கோணத்தோடு நடந்தேன். வண்டிக்கு வெகுதூரம் பின்னால் அதை வைக்க வேண்டும், பக்கத்தில் வைத்தால் பயனில்லை என்பது அவர் பாடம். திரும்பிப் பார்த்தபோது காரைக் காணவில்லை. பனி மூடியிருந்தது. என் செருப்புச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. முக்கோணத்தை விரித்து நிறுத்துவதற்குள் அதன் கால் இரண்டு முறை மடங்கி விழுந்தது.

திரும்பி நடக்கையில் போனதைவிட அதிக நேரம் ஆவதாகப் பட்டது. நேர்சாலை. வழி தவற முடியாது. இருந்தும் கார் வரவேயில்லை. ஓடவும் கூச்சமாக இருந்தது. பிறகு சிவப்பு ஒரு திட்டாகத் தெரிந்தது.

"ஏங்க."

அவர் அசையவில்லை. சட்டை ஈரத்தில் ஊறி, மார்பிலிருந்து ஒரு பக்கமாகச் சரிந்து சாலையில் படிந்திருந்தது. முகத்தில் பனித்துளிகள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தட்டினேன். கையைத் தூக்கினால் தொப்பென்று விழுந்தது. முதலுதவிப் புத்தகத்தில் இருந்தபடி முழங்காலை மடக்கி அவரை ஒருக்களித்துப் புரட்டினேன். அவ்வளவு கனத்தை நான் அவரிடம் அறிந்ததில்லை.

"போதும், எழுந்திருங்க. என்னங்க, போதும்."

மெதுவாகக் கண்ணைத் திறந்தார். "நல்லா செஞ்சே" என்றார்.

"கூப்பிட்டா ஏன் பதில் சொல்லல?"

"மயக்கத்துல இருக்கறவன் எப்படிப் பதில் சொல்லுவான்?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பனி விலகி வெயில் வந்ததும் அதுவும் போய்விட்டது. கோடியக்கரை வரை போனோம். தூரத்தில் பூநாரைகள் இளஞ்சிவப்பு வரிசையாக நின்றன. முட்புதருக்குள் எனக்குத் தெரிந்த செடிகளையெல்லாம் அவருக்குக் காட்டினேன். வெகுநாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தோம். திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் தன் கையிலிருந்த போனையும் இவர் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். குடித்து முடித்து டம்ளரை நீட்டியபோது கையால் வாங்கவில்லை.

"அப்படியே பெஞ்சுல வெச்சுடுங்க" என்றார்.

வண்டியில் ஏறியதும், "சாதி பாக்குறானா?" என்றார் இவர். எனக்கும் வேறு காரணம் தோன்றவில்லை.

ஊர் எல்லையில்தான் முதல் சந்தேகம் வந்தது. எங்கள் வயலில் அறுப்பு மிஷின் பாதியில் நின்றிருந்தது. ஒரு பக்கம் அறுத்த தாள், மறு பக்கம் சாய்ந்த கதிர், நடுவில் அந்த மிஷின், ஆள் இல்லாமல். வாடகைக்கு எடுத்த மிஷினை உச்சி வெயிலில் சும்மா நிறுத்திவைக்க எந்த விவசாயிக்கும் மனசு வராது. "டீசல் தீந்திருக்கும்" என்றார் அவர். வாய்க்கால் கரையில் நின்றிருந்த ஒரு பெண் எங்கள் காரைப் பார்த்தாள். ஸ்டியரிங்கில் இருந்தவரைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தெரு திரும்பியதும் அழுகைச் சத்தம் கேட்டது. மாமாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். அவரும் அதையே நினைத்திருக்க வேண்டும், கியர் மாற்ற மறந்து வண்டியை இழுத்தார். வாசல் முழுக்கச் செருப்புகள். ஒரு டெம்போவிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தலைமேல் அடுக்கோடு எங்களைப் பார்த்து அப்படியே நின்றார். உள்ளேயிருந்து என் நாத்தனாரின் குரல் தனியாகக் கேட்டது. "வெளிநாடு போறேன்னியே தம்பி, சொல்லாமப் போயிட்டியே தம்பி" என்று இழுத்து அழுதுகொண்டிருந்தார்.

அவருக்கு அக்கா என்று இருப்பது இந்த ஒருவர்தான். அந்த அக்காவுக்குத் தம்பி என்று இருப்பதும் இவர் ஒருவர்தான்.

நாங்கள் வாசல்படி ஏறியதும் அழுகை நின்றது. கூட்டம் இரண்டு பக்கமும் விலகி வழி விட்டது. கூடத்தின் நடுவில் ஒரு ஃப்ரீசர் பாக்ஸ் இருந்தது, சாவு வீடுகளுக்கு வாடகைக்கு வருகிற கண்ணாடி மூடிப் பெட்டி. கொண்டுவந்து வைத்து, ஸ்விட்சையும் போட்டிருந்தார்கள். உள்ளே எதுவும் இல்லை. கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாக மூடியிருந்தது. அது ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது.

அவர் அதன் பக்கத்தில் போய் நின்றார். குனிந்து ஒயரைப் பார்த்தார்.

"எர்த் இல்லாம இத யாரு போட்டது?" என்றார்.

நாத்தனார் பெரிதாக ஒரு சத்தம் போட்டுவிட்டு மயங்கி விழுந்தார். நாலைந்து பெண்கள் அவரைத் தாங்கினார்கள். மாமா சுவரோரம் மர நாற்காலியில் சட்டையில்லாமல், துண்டு மட்டும் போர்த்தி உட்கார்ந்திருந்தார். மகனின் முகத்தைப் பார்க்கவில்லை. மகனின் காலைப் பார்த்தார். கால் தரையில் பாவுகிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ எங்கம்மா போயிட்டே? உன்னத் தண்ணியில தேடிக்கிட்டு இருக்காங்க" என்றார்.

என் கணவரின் சித்தப்பாதான் நடந்ததைச் சொன்னார். ஊரில் நல்லது கெட்டது எதுவானாலும் முன்னின்று நடத்துகிறவர் அவர். பெட்டிக்குச் சொன்னதும் அவர்தான். காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்திருக்கிறது. எங்கள் கார், திறந்த கதவு, சாலையில் சிவப்புச் சட்டையோடு அவர். வேதாரண்யம் பக்கம் விபத்து, இறந்தவரைத் தெரிந்தவர்கள் தகவல் சொல்லவும் என்று கீழே எழுத்து. கார் நம்பர் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. திருத்துறைப்பூண்டியில் எங்களுக்கு டயர் மாற்றுகிறவர் அதைப் பார்த்து மாமாவுக்குப் போன் செய்திருக்கிறார். எங்கள் இரண்டு போனும் கிடைக்கவில்லை. அந்த இடத்துக்கு ஆள் போனால் காரும் இல்லை, ஆளும் இல்லை. நான் போட்டோவிலேயே இல்லாததால், தூக்கியெறியப்பட்டு உப்பளத்துத் தண்ணீரில் கிடக்கிறேன் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். இதற்கிடையில், நாகப்பட்டினத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அன்று காலை ஒரு விபத்தில் இறந்தவர் உடல் வந்திருக்கிறது, சிவப்புச் சட்டை, நடுத்தர வயது என்று யாரோ தகவல் சொல்லியிருக்கிறார்கள். சித்தப்பாவின் மகன் உடனே அங்கே கிளம்பிப் போயிருக்கிறான்.

சித்தப்பா இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் போன் அடித்தது. எடுத்த அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"அப்பா" என்றது அவர் மகனின் குரல். அழுது அடைத்திருந்தது. "பாத்துட்டேன்ப்பா. முகமெல்லாம் ஒண்ணும் தெரியல. ஆனா அண்ணன்தான். கை, கால் எல்லாம் அண்ணன்தான். கையெழுத்துக் கேக்குறாங்க. போட்டுடவா?"

பெட்டியின் உறுமல் மட்டும் கேட்டது. என் கணவர் கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"போடாதடா" என்றார். "நான் வீட்லதான் இருக்கேன்."

வெகுநேரம் கழித்து, மறுமுனையில் யாரோ போனைத் தரையில் வைக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் துண்டித்துப் போயிற்று.

நாற்காலிகள் திரும்ப டெம்போவில் ஏறின. வந்தவர்கள் அவர் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். "ஆயுசு கெட்டி தம்பிக்கு" என்று சிலர் சொன்னார்கள். சொன்னவர்களும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். மயக்கம் தெளிந்த நாத்தனார், பெட்டியை வெறுமனே அனுப்பக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தார். அப்படி ஒரு வழக்கம் உண்டா என்று யாருக்கும் தெரியவில்லை. அவரே தோட்டத்திலிருந்து ஒரு பூசணிக்காயை அறுத்துவந்து உள்ளே வைத்தார். கண்ணாடிக்குள் தனியாக அந்தக் காய் கிடக்க, நான்கு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். என் கணவர் வாசலில் நின்று அதைக் கடைசி வரை பார்த்தார்.

நாகப்பட்டினத்திலிருந்து திரும்பிவந்த தம்பி முறைக்காரன் அன்று முழுவதும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. எதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டு அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிடக் கூப்பிட்டபோது, "அப்ப அது யாருண்ணே?" என்று மட்டும் கேட்டான்.

அது யார் என்று அடுத்த நாளே தெரிந்தது. கூத்தாநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர், மினி லாரி ஓட்டுகிறவர். வேதாரண்யத்துக்கு உப்பு ஏற்றப் போகும்போது பனியில் ஏதோ ஒரு வண்டி மோதியிருக்கிறது. மோதிய வண்டி நிற்கவில்லை.

மாமா என் கணவரைக் கூப்பிட்டார். "போயி அந்த வீட்ல தலையக் காட்டிட்டு வா. நேத்து இங்க அழுததுல பாதி அந்த மனுஷனுக்குச் சேர வேண்டியது."

நானும் கூடப் போனேன். வழியில், ஓட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்.

"நேத்து நான் ரோட்ல படுத்திருந்தப்ப, நீ ரெண்டு தடவ வந்தியா?"

"ரெண்டு தடவையா? முக்கோணத்த வெச்சுட்டு ஒரே தடவதான் வந்தேன். வந்து உங்களக் கூப்பிட்டேனே."

"அது எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி."

அவர் காரை ஓரமாக நிறுத்தினார். கண்ணை மூடிப் படுத்திருந்தபோது, இமை மேல் நிழல் விழுந்ததாம். நான்தான் வந்துவிட்டேன் என்று நினைத்தாராம். பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு அவர் மணிக்கட்டை எடுத்து, இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தார்கள். விரல்கள் மிகவும் குளிர்ந்திருந்தன. பனியில் நடந்துவந்த கை என்று எண்ணிக்கொண்டாராம். அவசரப்படாமல் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, கையை மெதுவாக, பத்திரமாகத் தரையில் வைத்தார்கள்.

"நீ புத்தகத்துல உள்ளபடியே செய்யுறேன்னு எனக்கு ஒரே சந்தோஷம்" என்றார். "அதான் கண்ணத் தொறக்கல."

"அப்ப போட்டோ எடுத்தது அந்த ஆளா?"

"அவனாத்தான் இருக்கணும். ஆனா நாடி பாத்தான்ல? எனக்கு நாடி அடிச்சுக்கிட்டுத்தானே இருந்திருக்கும்?"

அந்தச் சாலையில் நான் எவரையும் பார்க்கவில்லை, சைக்கிள் மிதிக்கும் ஓசைகூடக் கேட்கவில்லை. அவர் இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கையை விலக்கிவிட்டு, என் விரலை வைத்துப் பார்த்தேன். துடிப்பு நன்றாகவே இருந்தது. "இருக்கு" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

இறந்தவர் வீட்டில் அன்று காலையே எல்லாம் முடிந்திருந்தது. பந்தலுக்குள் சில பெண்கள் மட்டும் இருந்தார்கள். அவர் மனைவிக்கு என்னைவிட வயது குறைவு. நாங்கள் யார் என்று கேட்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"அவரு கூட வேல பாத்தவங்களா?" என்றாள் கடைசியில்.

"இல்லம்மா" என்றார் என் கணவர். "நேத்து காலைல அந்தப் பக்கந்தான் நாங்களும் இருந்தோம்."

அவள் நிமிர்ந்தாள். "பாத்தீங்களா? ஏதாவது சொன்னாரா? தண்ணி கேட்டாரா?"

"நாங்க பாக்கலம்மா."

"தனியாவேதான் கெடந்தாராமே. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஒருத்தருமா பக்கத்துல வரல?"

என் கணவர் தன் இடது மணிக்கட்டைப் பார்த்தார். வாழ்நாளில் சோதித்துப் பார்க்காத ஒன்றைச் சொல்லாத மனிதர் அவர்.

"வந்தாங்கம்மா" என்றார். "ஒருத்தர் வந்து பக்கத்துல உக்காந்து, கையப் புடிச்சுப் பாத்திருக்காரு. அவசரப்படாமப் பாத்திருக்காரு. அப்புறம் கையப் பத்திரமா வெச்சுட்டுப் போயிருக்காரு."

"யாரு அவரு?"

"தெரியலம்மா."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். கையை எடுத்தபோது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. எங்களுக்குக் காப்பி கொடுக்கச் சொன்னாள். துக்க வீட்டில் எதுவும் வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

பயணத்தை ரத்து செய்துவிடலாம் என்று நான் நினைத்தேன். நாத்தனார் கெஞ்சிக்கூடக் கேட்டார். மாமாதான் போகச் சொன்னார். போனோம். வாடகைக் காரின் டிக்கியில் எல்லாமே ஒழுங்காக இருந்தன. இவர் எங்களுடையதையும் பக்கத்தில் வைத்தார். எதையும் தொட வேண்டிய அவசியம் நேரவில்லை. மலைச்சரிவில் நான் ஆசைப்பட்ட நீலப் பூக்களைப் பார்த்தேன். படத்தில் இருந்ததைவிடச் சின்னதாக இருந்தன. தினமும் மாமா வீடியோவில் வந்தார். என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "அவன நடந்து காட்டச் சொல்லு" என்பார். இவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, ஹோட்டல் அறையில் அங்குமிங்கும் நடந்து காட்டுவார்.

அந்தப் போட்டோ போன வேகத்தில் மறுப்புச் செய்தி போகவில்லை என்பது ஊர் திரும்பிய பிறகுதான் புரிந்தது. கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் தெரிந்தவர் ஒருவர் இவரைக் கண்டதும் பின்வாங்கி, குடங்களைச் சரித்துவிட்டார். வேளாங்கண்ணியிலிருந்து அவருடன் பழைய அலுவலகத்தில் இருந்தவர் போன் செய்து, இவர் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போனது.

ஆவணி மாதம் மன்னார்குடியில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்திருந்தபோது, தூரத்து உறவுக்காரப் பெண்மணி ஒருவர் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பல வருடமாகப் பார்க்காதவர்.

"இப்பதாம்மா கேள்விப்பட்டேன். எப்படித்தான் தாங்குறியோ" என்றார். அவர் கண் நிறைந்துவிட்டது.

வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. கல்யாணக் கூட்டத்தின் நடுவில், பட்டுப்புடவையும் பூவுமாக, அந்த அம்மாள் தோளில் சாய்ந்து நன்றாக அழுதேன். அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். உப்பளத்திலும் அழவில்லை, பெட்டியைப் பார்த்தும் அழவில்லை.

அப்போது என் கணவர் இரண்டு கையிலும் ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு வந்தார். "என்னாச்சு?" என்றார்.

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். எங்கள் கல்யாணத்துக்கு வந்து இருவரையும் ஆசீர்வதித்தவர். முகத்தில் அடையாளம் கண்ட சாயலே இல்லை.

"இவரு யாரும்மா?" என்று என்னிடம் கேட்டார்.

"என் வீட்டுக்காரரு" என்றேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவர் என் கையை மெதுவாக விட்டார். இவரை இன்னொரு முறை பார்த்தார். "நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார். ஐஸ்கிரீம் உருகுகிறது என்றார் இவர்.